பூ தெரிந்த கண்ணுக்குக் காயம் தெரியவில்லை

தீபாவளி நெருங்கினால் பட்டர்வொர்த்தின் பாகான் டாலாம் அடுக்குமாடி வீடுகளில் பலகாரத் தட்டுகள் கதவு கதவாய் ஏறி இறங்கும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, மேலே ஒரு செய்தித்தாள் மூடல். கிறிஸ்தவ வீட்டு வாசலுக்கு வரும் பக்கத்து வீட்டு அக்கா, தட்டை நீட்டும்போதே ஒன்று சொல்லிவிடுவார்: "படைக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சிட்டேன். பயப்படாம பிள்ளைங்களுக்குக் குடுங்க." அடுத்தவர் மனசாட்சிக்கு இடம் விட்டுத் தன் பலகாரத்தைப் பிரித்து வைக்கிற அந்தக் கரிசனத்தை எந்த வேதபாடசாலையும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரே மாடியில் இரண்டு கிறிஸ்தவ வீடுகள் இருக்கும். ஒரு வீட்டில் தட்டை வாங்கி, நன்றி சொல்லி, உட்கார்ந்து சாப்பிடுவார்கள். படைத்ததா இல்லையா என்று கேட்பதுகூட இல்லை. இன்னொரு வீட்டில், "வேண்டாம்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, எங்களுக்குப் பழக்கமில்ல" என்று பணிவாகச் சொல்லிவிடுவார்கள். அக்காவுக்கு இரண்டு வீடும் பழகிப் போனவை. அவர் யாரையும் குறை சொல்வதில்லை. பிரச்சினை வெடிப்பது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மைலோவும் மீஹூனும் பரிமாறுகிற நேரத்தில். "விக்கிரகத்துக்குப் படைச்சதைச் சாப்பிடுறாங்க, அப்புறம் என்ன ரட்சிப்பு" என்று ஒரு மேசையில் பேச்சு. "அவங்களுக்கு மட்டும்தான் பரலோகம்னு நெனப்பு" என்று அடுத்த மேசையில் பேச்சு. இரண்டு மேசையிலும் தட்டில் இருந்த பலகாரம் மறைந்து, மனிதர்கள் மீது தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

பிறரைத் தீர்ப்பிடக் கூடாது என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரிந்த போதனை. தெரிந்த அளவுக்கு அது புரிந்துகொள்ளப்படவில்லை. தப்பைத் தப்பு என்று சொன்னாலே, "நியாயந்தீர்க்காதே பிரதர்" என்று வாயடைக்க அதை ஒரு சாரார் பயன்படுத்துகிறார்கள். இன்னொரு சாரார் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "நான் நியாயந்தீர்க்கவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன்" என்ற முன்னுரையோடு எல்லாரையும் அளந்துகொண்டே இருக்கிறார்கள். இரு சாராருமே மத்தேயு ஏழாம் அதிகாரத்தை முழுதாக வாசிக்கவில்லை. அதே அதிகாரத்தில், ஆட்டுத்தோல் போர்த்து வரும் கள்ளத் தீர்க்கதரிசிகளை அவர்களின் கனிகளால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள் என்றும் இயேசு எச்சரிக்கிறார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னவர் அப்படிச் சொல்ல முடியாது. கண்ணில் கிடக்கும் உத்திரத்தையும் துரும்பையும் பற்றிப் பேசும்போதும், உன் கண்ணைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போ என்று அவர் நிறுத்தவில்லை. அதன்பின் சகோதரன் கண்ணில் உள்ள துரும்பை எடுக்க உனக்குப் பார்வை தெளியும் என்று முடிக்கிறார். ஆகவே செயலை எடைபோடவும், தவறு செய்தவருக்கு உதவி செய்யவும் நமக்கு வேலை இருக்கிறது. அந்த மனிதர் இன்னார், இவ்வளவுதான், இவருக்கு இனி இடமில்லை என்று முத்திரை குத்தும் உரிமைதான் நமக்கு இல்லை. அது கடவுளுடைய நாற்காலி.

பலகாரத் தட்டு விஷயத்துக்கு வேதத்தில் நேரடியாகவே வழிகாட்டல் இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 57-ல் ரோமாபுரிச் சபைக்குப் பவுல் எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 49 வாக்கில், பேரரசன் கிலவுதியு யூதர்களை அந்த நகரத்தைவிட்டு வெளியேற்றியிருந்தான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்துவுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. 54-ல் அவன் இறந்தபின் யூதக் கிறிஸ்தவர்கள் திரும்பி வந்தார்கள். வந்து பார்த்தால் சபை முழுக்கப் புறஜாதியாரின் பழக்கவழக்கம். சந்தை இறைச்சி கோயிலில் படைக்கப்பட்டதாக இருக்கலாம் என்று அஞ்சிச் சிலர் காய்கறியோடு நின்றுகொண்டார்கள். சிலர் எதையும் கேட்காமல் சாப்பிட்டார்கள். சிலருக்கு விசேஷ நாட்கள் உண்டு, சிலருக்கு எல்லா நாளும் ஒன்று.

பவுலுக்கு இதில் சொந்தக் கருத்து இருந்தது. எந்த உணவும் தன்னளவில் தீட்டில்லை என்பதே அவருடைய நம்பிக்கை. ஆனாலும் அந்தக் கருத்தைச் சட்டமாக்கி அவர் சபை மேல் ஏற்றவில்லை. சாப்பிடுகிறவனிடம் ஒன்று கேட்டார்: சாப்பிடாதவனை இளக்காரமாகப் பார்க்காதே. சாப்பிடாதவனிடம் வேறொன்று கேட்டார்: சாப்பிடுகிறவனைக் குற்றவாளி ஆக்காதே. இந்த இரண்டும் இரண்டு விதமான நோய்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தாராளமானவருக்கு வரும் நோய் ஏளனம். கண்டிப்பானவருக்கு வரும் நோய் குற்றப்படுத்தல். நம் சபைகளில் இரண்டாவது நோயைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். முதலாவது நோய் இருப்பதாகவே யாரும் பேசுவதில்லை. ஜார்ஜ்டவுனில் ஆங்கிலம் பேசும் சபைக்குப் போகும் மகன், இக்கரையில் வெள்ளைச் சேலை உடுத்தி, காதில் கம்மல் இல்லாமல் செபக்கூட்டத்துக்குப் போகும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பும் தீர்ப்புத்தான்.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பத்தாம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. அழைத்த வீட்டில் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு. ஒருவர் வந்து இது படைத்தது என்று சொன்னால், சொன்னவரின் மனசாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாமல் விடு என்கிறார் பவுல். அந்த மாடியில் கேட்காமல் சாப்பிட்ட வீட்டுக்கும் வேத ஆதாரம் உண்டு, மறுத்த வீட்டுக்கும் உண்டு. ஆதாரம் இல்லாதது இரண்டு மேசைப் பேச்சுக்கும்தான்.

இந்தத் தகராறு தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குப் புதிதில்லை. பொட்டு, பூ, நகை, தாலி, மேளம், சந்தனம் என்று ஒவ்வொன்றையும் வைத்து நானூறு ஆண்டுகளாக ஒருவரையொருவர் நிறுத்துப் பார்த்துவருகிறோம். 1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி மட்டும் உண்டு, பூணூல் அணிந்தவர்களை அவர்கள் கோலத்திலேயே திருமுழுக்குக்கு அனுமதித்தார். மதுரையிலேயே இருந்த மூத்த சகத் துறவி கொன்சாலோ பெர்னாண்டஸ் அவர் மீது புகார் எழுதினார். செய்தி ரோமுக்குப் போனதும், தெ நொபிலியின் உறவினரும் பெரிய இறையியலாளருமான கர்தினால் பெல்லார்மின் மனம் நொந்து கண்டித்துக் கடிதம் எழுதினார். பிறகு தெ நொபிலியின் சொந்த விளக்கம் கையில் கிடைத்தது. படித்தார், கருத்தை மாற்றிக்கொண்டார், அவருக்குத் துணை நின்றார். சம்பந்தப்பட்டவரிடமிருந்து கேட்டபின் ஒரு கர்தினால் தன் முடிவைத் திருத்திக்கொள்ள முடிந்திருக்கிறது. 1623-ல் பதினைந்தாம் கிரகோரி திருத்தந்தை நிபந்தனைகளோடு பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் அனுமதித்தார். அதே ஆவணத்தில், உயர்குலத்தார் எனப்பட்டோர் எளியவர்களை ஆலயத்தில் ஒதுக்கக் கூடாது என்றும் மன்றாடினார். அனுமதி நடைமுறைக்கு வந்தது. மன்றாட்டு காற்றோடு போனது.

தஞ்சாவூரில் நடந்தது இதைவிட நமக்கு நெருக்கமானது. நம் சபைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளின் ஆசிரியர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), மிஷனரி சுவார்ட்ஸின் வளர்ப்பில் உருவானவர், சரபோஜி மன்னரின் நண்பர். சுவார்ட்ஸ் 1798-ல் மறைந்தபின் வந்த புதிய தலைமுறை மிஷனரிகள் பழைய தமிழ் வேதாகமத்தைத் திருத்தினார்கள், விழாக்களில் பூவை விலக்கினார்கள், வழிபாட்டில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஒதுக்கினார்கள், சாதி பார்க்காமல் எல்லாரும் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தினார்கள். 1820-களின் இறுதியில் சாஸ்திரியார் இந்த நான்கையும் கொடுமைகள் என்று பட்டியலிட்டு எதிர்த்து எழுதினார்.

அந்தப் பட்டியலைத்தான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூ, பாட்டு ஆகிய இரண்டிலும் சாஸ்திரியார் பக்கமே நியாயம் என்பது என் உறுதியான எண்ணம். கல்யாணத்தில் சூடிய மல்லிகை யாருடைய விசுவாசத்தையும் கெடுக்கவில்லை. அவர் கட்டிக்காத்த கீர்த்தனைகள் இல்லாமல் தமிழ் ஆராதனை இன்று எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மிஷனரிகள் அறியாத வழக்கத்தைப் பாவம் என்று முடிவுகட்டினார்கள். ஆனால் சாதி விஷயத்தில் நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆலயத்துக்குள் வெள்ளாளர் ஒரு புறமும், இன்று தலித்துகள் என்று நாம் சொல்லும் மக்கள் மறுபுறமும் உட்கார்ந்தார்கள். திருவிருந்திலும் முந்தியவர், பிந்தியவர் உண்டு. இதையும் பூவைப் போல ஒரு வழக்கம் என்று சாஸ்திரியார் கருதினார். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடவே கூடாது என்று ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவர் 1910-ல்தான் விழுந்தது.

மிஷனரிக்குப் பூவும் சாதியும் ஒரே குப்பையாகத் தெரிந்தன. சாஸ்திரியாருக்கு இரண்டும் ஒரே குலதனமாகத் தெரிந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே கேள்வி போதுமாக இருந்திருக்கும்: இதனால் இன்னொரு மனிதர் தாழ்த்தப்படுகிறாரா, காயப்படுகிறாரா? பூவுக்குப் பதில் இல்லை. தனி வரிசைக்குப் பதில் ஆம். முதலாவதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட வேண்டும். இரண்டாவதை விடவே கூடாது.

இன்று நம் சபைகளில் நடப்பதை இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. நாம் சத்தமாகப் பேசுவதெல்லாம் பூ வரிசையில் வரும் விஷயங்கள். யார் பொட்டு வைத்தது, யார் முடிக்குச் சாயம் பூசியது, யார் மகள் குட்டைப் பாவாடை போட்டது, யார் தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் நின்றது, யார் காணிக்கை உறை போடாமல் போனது. வாய் திறக்காமல் விடுவதெல்லாம் காய வரிசை. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவர் வரவேற்புக் குழுவில் கைகுலுக்கிக்கொண்டு நிற்பார், எல்லாருக்கும் தெரியும். வேலைக்கு வைத்த ஆளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் தராதவர் முன்வரிசையில் உட்காருவார். வரன் பார்க்கும்போது, "நம்ம ஆளுங்களா?" என்ற கேள்வி இன்னும் காதோடு காதாகக் கேட்கப்படுகிறது. இதையெல்லாம் யாராவது எடுத்தால், அப்போது மட்டும் நியாயந்தீர்க்காதே என்ற வசனம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. அடி வாங்குகிற பெண்ணிடம் போய் மன்னிக்கச் சொல்கிறோம். அடிக்கிறவனிடம் போய் நிறுத்தச் சொல்வதைத் தீர்ப்பிடுதல் என்கிறோம். இயேசுவின் வார்த்தையை இதைவிடக் கொடுமையாகத் திருப்பிவிட முடியாது. உரியாவைச் சாகவிட்டு அவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது அரசனிடம் தீர்க்கதரிசி நாத்தான் போய் நின்றார், முகத்துக்கு நேரே சொன்னார். அவர் தாவீதை ஒழிக்கப் போகவில்லை. பலியானவனுக்காகப் பேசப் போனார், தாவீது மனந்திரும்பினான்.

எப்படிப் பேசுவது என்பதற்கும் இயேசு வழி சொல்லியிருக்கிறார், மத்தேயு பதினெட்டில். முதலில் தனியாக, நீயும் அவனும் மட்டும். கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரோடு. அதற்கும் கேட்கவில்லை என்றால் சபைக்கு. நம்மிடம் இந்த வரிசை அப்படியே தலைகீழ். முதலில் சபை முழுக்கத் தெரியும், பிறகு நான்கு பேர் கூடிப் பேசுவார்கள், சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில் தெரியும். (அடிக்கிறவனிடம் அடிபடுகிறவளையே தனியாகப் பேச அனுப்புவது இந்த வசனத்தின் பொருள் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆபத்தில் இருப்பவருக்கு முதலில் பாதுகாப்பு, தேவையென்றால் போலீஸ் புகார்.)

இந்தத் தலைகீழ் வேலைக்கு நாம் கண்டுபிடித்திருக்கும் மிக வசதியான கருவி செபக்குறிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நல்லவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். புதன்கிழமை செபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஒரு குடும்பத்துக்காக பாரத்தோடு செபிக்கணும், பேரு வேண்டாம்" என்பார். பேர் வேண்டாம் என்றபின், மூத்த மகன், ரயில் நிலையம் பக்கம், போன மாதம், போலீஸ் என்று ஒவ்வொரு அடையாளமும் வரும். மூன்றாவது அடையாளத்திலேயே அறை முழுக்க யாரென்று தெரிந்துவிடும். செபம் முடிவதற்குள் அந்தச் செய்தி புலனக் குழுவில் கைகூப்பிய படங்களோடு போய்ச் சேர்ந்திருக்கும். சொன்னவருக்கு உண்மையாகவே பாரம் இருந்திருக்கலாம். நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பையனின் அம்மாவிடம், "தம்பிக்காக செபக்கூட்டத்துல சொல்லலாமாக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அனுமதி கேட்காமல் இன்னொருவர் துயரத்தைச் சபையில் வைப்பது, கடவுளிடம் சொல்வதற்கு முன் ஊருக்குச் சொல்வதுதான்.

பட்டர்வொர்த்தில் பிள்ளை வளர்ப்பது எவ்வளவு கடினம் என்று தெரியாதவர்கள்தான் இந்த விஷயத்தில் எளிதாகப் பேசுகிறார்கள். அப்பா துறைமுகத்தில் ஷிப்டு, அம்மா பிறையில் உள்ள தொழிற்சாலையில் இன்னொரு ஷிப்டு, பள்ளி விட்டு வரும் பையன் தனியாக. கீழே நிற்கும் கும்பலுக்கு அவன் மேல் நேரம் செலவழிக்க முடிகிறது, நமக்கு முடிவதில்லை. அவன் பிடிபட்ட பிறகு அந்த அம்மா ஆலயத்தின் கடைசி வரிசைக்கு நகர்கிறார். பாட்டு முடிவதற்குள் வந்து, ஆசீர்வாதம் முடிவதற்குள் போய்விடுகிறார். இரண்டு மாதத்தில் வருவதே நின்றுவிடுகிறது. "பின்வாங்கிட்டாங்க" என்கிறோம். அவர் பின்வாங்கவில்லை, நாம் விலகி இடம் உண்டாக்கினோம். வளர்ப்புச் சரியில்லை என்று ஒருவர் சொன்னது அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. அந்தப் பையன் செய்தது தவறு, அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, அது தன் வேலையைச் செய்யும். அதற்கு மேல் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது தண்டனை தரச் சபையை யாரும் நியமிக்கவில்லை.

வெளியில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய அதே கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், சபைக்குள் ஒருவன் செய்த கடும் தவற்றைக் கண்டும் காணாமல் இருந்ததற்காகச் சபையைக் கண்டிக்கிறார். அதே மூச்சில், வெளியில் உள்ளவர்களைத் தீர்ப்பிடுவது என் வேலை இல்லை, அவர்களைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்கிறார். உள்ளே இருக்கும் தவறுக்கு மௌனம், வெளியே இருப்பவர்களுக்கு விமர்சனம் என்று நாம் மாற்றிப் பிடித்திருக்கிறோம். ஜூலை 26-ஐ ஒட்டி புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்குப் போனவர்களுக்குத் தெரியும், மெழுகுவத்தி ஏந்தி வரும் கூட்டத்தில் எத்தனை பேர் இந்துக்கள், எத்தனை பேர் சீன பௌத்தர்கள் என்று. 2019-ல் சிறு பேராலயமாக உயர்த்தப்பட்ட அந்த ஆலயத்தின் வாசலில் யாரும் அவர்களை நிறுத்தி, நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. கத்தோலிக்கர் அல்லாத சில கிறிஸ்தவர்களுக்கு அந்தத் திருநாள் மீதே விமர்சனம் உண்டு. அந்தக் கருத்து வேறுபாடு உண்மையானது, பேசப்பட வேண்டியதும்கூட. ஆனால் நோயாளிப் பிள்ளையைத் தோளில் போட்டு மெழுகுவத்தி ஏற்றும் ஒரு தாயின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று எட்ட நின்று சொல்லிவிட நாம் யார்?

சபை மூப்பர்களிடம் கேட்க எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ரோமர் பதினான்கை முழுதாக வாசித்துப் பிரசங்கியுங்கள், தட்டை வாங்குகிறவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் சேர்த்து. ஒருவரின் பெயரோ அடையாளமோ வரும் செபக்குறிப்பை அவர் சம்மதம் இல்லாமல் கூட்டத்திலும் புலனத்திலும் சொல்லக் கூடாது என்று விதியாகவே வையுங்கள். வீட்டில் அடிபடும் பெண் யாரிடம் வந்து சொல்லலாம் என்று இரண்டு அக்காமாரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அறிவிப்புப் பலகையில் போடுங்கள், அவள் சொன்னதை அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள் என்ற உறுதியோடு. கடைசி வரிசையில் இருந்து காணாமல் போன அந்த அம்மாவின் வீட்டுக்கு இந்த வாரமே யாராவது ஒருவர் போங்கள். வேதாகமம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், பையன் பேச்சை நீங்களாக எடுக்கவும் வேண்டாம். வழக்கு நாள் என்றைக்கு, கோர்ட்டுக்குக் கூட வர ஆள் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.